நேராகக் காயப்போட்ட கவுன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. உடம்புக்கு ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிடுகிறேன், மாத்திரையையும் மறக்கவில்லை. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே நோய்நொடி இல்லாமல் இருந்தால் எனக்கு அதுவே போதும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் என்றால் பாதியிலேயே குறுக்கே பேசி என்னை மடக்கிவிடுவாய், உன் வாய்க்கு முன்னால் நான் என்றைக்கு நின்றிருக்கிறேன். கடிதத்தை மடக்க முடியாது, அதனால் கடைசி வரை படி.

நீ டிக்கெட் போட்டாயிற்று என்று சொன்ன நாளிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உன் அறையை ஒழித்து ஜன்னல் கம்பிக்கெல்லாம் பெயின்ட் அடித்தேன், பாதி பெயின்ட் என் வேட்டியில்தான் இருக்கிறது. பக்கத்து வீட்டு டெய்லரம்மா பார்க்கும்போதெல்லாம் பேத்தி எப்ப வர்றா, எப்ப வர்றா என்று கேட்டுத் துளைக்கிறார். குட்டிக்கு ஒரு வெள்ளைக் கவுன் வாங்கினேன். நிறம் வேறு பார்க்கச் சொன்னார் கடைக்காரர், எனக்கு வெள்ளைதான் வேண்டும் என்று நின்றேன். இந்த ஊரில் வெள்ளைத் துணி வாங்கும் தைரியம் அம்மாவுக்குக் கடைசி வரை வரவில்லையே.

கொடியில் எதைப் போட்டாலும் உள்பக்கம் வெளியே திருப்பித்தான் அம்மா போடுவாள், உனக்கு நினைவிருக்கும். ஃபேக்டரிக் கரி விழுந்தாலும் உள்ளே விழட்டும், வெளியே பளிச்சென்று இருக்கும் என்பது அவள் கணக்கு. அப்போ கரி நம்ம உடம்புலதானே ஒட்டும் என்று நான் கேலி செய்தால், உடம்புல ஒட்டினா குளிச்சா போயிடும், சட்டையில ஒட்டினா போகாது என்பாள். குளித்தாலும் போகாத இடத்தில் அது ஒட்டும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் போயிற்று. அவள் மூச்சுக்குத் தவித்த நாட்களை இப்போது எழுத எனக்குக் கை வரவில்லை. நீ நிறைமாதமாக அங்கே அழுதுகொண்டிருந்தாய், நான் இங்கே.

அவள் போன பிறகுதான் எங்கள் ஃபேக்டரியில் புகையைச் சுத்தம் செய்யும் மெஷின் வந்தது, என்னை அதிலேயே வேலைக்குப் போட்டார்கள் என்று சொல்லியிருக்கிறேன். பாய்லர் புகை இப்போது நேரே வெளியே போவதில்லை. ஒரு பெரிய இரும்புப் பெட்டிக்குள் கம்பிக்கூட்டில் மாட்டிய நீளநீளத் துணிப்பைகள் வரிசையாகத் தொங்குகின்றன, எங்கள் ஆட்கள் அதைத் துணிக்கடை என்பார்கள். ராட்சத ஃபேன் இழுக்கும்போது காற்று துணிக்குள் நுழைந்துவிடும், கரியும் சாம்பலும் வெளிப்பக்கமே ஒட்டிக்கொள்ளும். கனத்ததும் உள்ளேயிருந்து பட்டென்று காற்றை அடிப்போம், அம்மா துணியை உதறுவது போல அது ஒரு உதறு உதறும், சாம்பல் கீழே தொட்டியில் கொட்டும். தாண்டி வரும் காற்றைச் சுண்ணாம்புத் தண்ணீரில் நனைத்து நாற்றத்தையும் எடுத்த பிறகுதான் வெளியே விடுவது. அதை நம்பித்தான், புகை எப்படிப்பா இருக்கு, இவளுக்கு வேற வீசிங் இருக்கு என்று நீ கேட்டபோது, இப்ப ஒண்ணும் இல்லம்மா, தைரியமா வா என்று சொன்னேன்.

போன வாரம் லீவு நாளில் கவுனை அலசி, மெஷின் இருக்கிறதே என்ற தெம்பில், திருப்பாமல் நேராகவே காயப்போட்டேன். மாலையில் எடுக்கப் போனால் மார்புப் பக்கம் முழுக்கக் கருப்புப் பொட்டு. மறுநாள் வேலைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. பாய்லரிலிருந்து தீப்பொறி பறந்து பைகளைப் பொசுக்கி ஓட்டை போட்டுவிட்டது. புகையைத் துணிக்கடைப் பக்கமே விடாமல், நாங்கள் பின்வாசல் என்று சொல்லும் தகட்டைத் திறந்து அப்படியே வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். புதுப் பை வரும்வரை பாய்லரை நிறுத்துங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன். ஆர்டர் போட்டாச்சு பெரியவரே, வந்துடும், அதுக்காக ஃபேக்டரிய மூட முடியுமா என்றார். எப்போது வரும் என்று கேட்டதற்கு, வரும்போது வரும் என்று போனைக் கையில் எடுத்துக்கொண்டார்.

அதனால் சொல்கிறேன், டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடு. குட்டியை ஒரு தடவை தூக்கிப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இருக்கிற ஆசை உனக்குத் தெரியாதது இல்லை. ஆனால் அந்த மூச்சுச் சத்தத்தை இந்த வீட்டில் இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது. மாப்பிள்ளையிடம் பக்குவமாகச் சொல், என்மேல் கோபப்பட்டால் படட்டும்.

நீங்கள் மூவரும் நூறாண்டு நல்லபடியாக இருக்க வேண்டும். குட்டியைக் குளிரில் வெளியே விடாதே, மருந்தை வேளை தவறாமல் கொடு. கவுனை மறுபடி அலசிப் பொட்டைப் போக்கி வைத்திருக்கிறேன். புதுப் பை மாட்டட்டும், அதை நேராகவே கொடியில் போட்டுப் பார்த்து, மாலையில் வெள்ளையாகவே இருந்தால் உனக்குச் சொல்கிறேன், அன்றைக்கே புறப்படு. அதற்குள் குட்டிக்கு அது சின்னதாகிவிடும். சின்னதானால் ஆகட்டும், அவளுக்கு வேறு வாங்கலாம், இது எனக்குக் கொடியில் போட்டுப் பார்க்க வேண்டும்.

என்றும் உன்
அப்பா