கோதுமை படாத தட்டு

நவம்பர் 8, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. காற்று அடித்த அடியில் குடையை நான் பிடித்துப் போனேனா, குடை என்னைப் பிடித்துப் போனதா தெரியவில்லை. மஞ்சக்குப்பம் மைதானத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினேன். வயது முப்பத்திரண்டு.

சனிக்கிழமை சிதம்பரம் டாக்டர் சொன்னது, மறப்பதற்குள்:

க்ஷயம் இல்லை. எக்ஸ்ரே சுத்தம்.

என் குடலுக்குக் கோதுமை ஆகாது. ரவை, மைதா, பார்லி, ரொட்டி, பிஸ்கட், எதுவும் துளிகூட உள்ளே போகக் கூடாது.

ஆறு வாரம் பார்ப்பது. எடை ஏறினால் நோய் இதுதான். ஏறாவிட்டால் வேறு ஏதோ. மதராசுக்குப் போய் வயிற்றைத் திறந்து பார்க்க வேண்டும்.

இன்றைய எடை 47 கிலோ. போன வருஷம் 61.

சீமையில் படித்துவிட்டு வந்த டாக்டர். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் கோதுமை தின்று கெட்டுப்போனவன் என்று இந்தக் கடலூரில் யாரையும் நான் கேள்விப்பட்டதில்லை.

மனைவி பாக்கியத்திடம் சொன்னேன். கோதுமை மட்டும்தான் என்றேன். "வைத்தியம்னா பத்தியம் இல்லாமயா?" என்று அவளே ஒரு பட்டியல் போட்டாள். மீன் கூடாது. கருவாடு கூடாது. முட்டை, புளி, தேங்காய், எண்ணெய் கூடாது. கஞ்சி, மிளகு ரசம், மோர். ரசத்திலும் மோரிலும் பெருங்காயம் தூக்கலாக. வயிற்றுக்கு அதை மிஞ்சின மருந்து கிடையாதாம். கடைத்தெருவில் நல்லதாகப் பார்த்துக் கட்டிப் பெருங்காயம் வாங்கி வந்துவிட்டாள்.

நானும் தலையாட்டினேன். டாக்டர் சொன்னதற்கு மேல் நாமும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் சீக்கிரம் குணமாகும் என்று ஒரு கணக்கு. ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு வாத்தியார் நான்.

வயிறு போனது: ஆறு தடவை.

நவம்பர் 11, வியாழன்

தூறல். ரேஷன் கடையில் இரண்டு மணி நேரம். அரிசி பாதி, கோதுமை பாதி. முன்னால் நின்ற கிழவர்: "அமெரிக்காக்காரன் அனுப்புன கோதுமைய கோழிக்குப் போட்டேன். அது என்னையே மொறைக்கிது."

வீட்டில் ஏற்பாடு: அரிசி முழுக்க எனக்கு. பாக்கியத்துக்கும் கலாவுக்கும் கோதுமைக் கஞ்சி. எனக்கென்று புதுச் சட்டி, புது அகப்பை, தனித் தட்டு. அந்தத் தட்டைக் கலா தொட்டால்கூட பாக்கியம் மறுபடி கழுவுகிறாள்.

கலாவுக்கு ஆறு வயது. நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அப்பா, எனக்கு ஒரு வாய் சோறு." ஒரு வாய் கொடுத்தேன். பாக்கியம் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மீதியை நான் சாப்பிட்டேன். சாப்பிடாவிட்டால் அதற்கும் பாக்கியம் அழுவாள்.

பள்ளிக்கூடத்தில் மத்தியான உப்புமா. அதே அமெரிக்கக் கப்பல் கோதுமைதான். மூன்று வருஷமாகப் பிள்ளைகளுக்கு முன்னால் ருசி பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். இன்றிலிருந்து வேறு வாத்தியார். எச்.எம். தனியாகக் கூப்பிட்டார். "சார், புள்ளைங்களப் பெத்தவங்க கேக்கறாங்க. இருமல் இருக்கான்னு கேக்கறாங்க. லீவு போட்டுக்குங்களேன்." இருமல் இல்லை சார் என்றேன். கதவு வரைக்கும் தள்ளியே நடந்து வந்தார்.

நவம்பர் 14, ஞாயிறு

மழை விட்டது. தேவனாம்பட்டினத்திலிருந்து மச்சான் தேசிங்கு வந்தான், பாக்கியத்தின் தம்பி. நான்கு நாள் கழித்து இன்றுதான் கடலுக்குப் போனார்களாம். பனையோலைக் கூடையில் இரண்டு வவ்வால் மீன், இன்னும் ஈரம் காயவில்லை.

பாக்கியம் வாசலிலேயே மறித்தாள். "அவரு பத்தியத்துல இருக்காரு. எடுத்துக்கினு போ."

"டாக்டரு கோதும கூடாதுன்னுதான சொன்னாரு? கடல்ல கோதுமயா மொளைக்குது?"

"ஒனக்கு என்னா தெரியும். போ."

"மாமா, நீ சொல்லு மாமா. இந்த ஒடம்புக்கு மீனு இல்லாம எப்பிடித் தேறும்?"

நான் பாக்கியத்தின் பக்கமே தலையாட்டினேன். படித்தவன் அல்லவா. கூடையை எடுத்துக்கொண்டு போனான். வாசலில் வாடை மட்டும் கொஞ்ச நேரம் இருந்தது. கஞ்சி குடித்தேன்.

வயிறு: ஏழு.

நவம்பர் 17, புதன்

வெயில். கால் வீக்கம், விரலால் அழுத்தினால் குழி. வாய் ஓரத்தில் புண். வேட்டி நிற்பதில்லை, பெல்ட்டில் ஆணியால் இன்னொரு ஓட்டை. முடி கொட்டுகிறது. வயிறு எட்டு. ஒன்பதாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுக்கும்போது பாதியில் வெளியே ஓடினேன். பையன்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

ரசத்தில் பெருங்காயத்தை இன்னும் கூட்டியிருக்கிறாள்.

நவம்பர் 20, சனி

திருப்பாப்புலியூரில் பாசஞ்சர் ஏறி, சிதம்பரம். ஸ்டேஷனில் எடை மெஷின். அட்டை விழுந்தது: 45½. பின்பக்கம் அச்சடித்திருந்தது: 'உங்கள் முயற்சிகள் விரைவில் பலன் தரும்.' கிழித்துத் தண்டவாளத்தில் போட்டேன்.

டாக்டர் வயிற்றை அழுத்தினார், நாக்கைப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். "கோதுமை இன்னும் உள்ள போய்க்கிட்டுத்தான் இருக்கு, வாத்தியாரே."

இல்லை என்றேன்.

"உங்களுக்குத் தெரியாம வீட்டுல கலந்துடுவாங்க. அரிசிப் பஞ்சம். யாரைக் குத்தம் சொல்றது? நல்லா விசாரிங்க. சாப்பிடறதையெல்லாம் ஒண்ணுவிடாம எழுதிக்கிட்டு அடுத்த சனிக்கிழமை வாங்க."

ரயிலில் திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. கஞ்சி போன வாரம் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. ஏன் கெட்டி?

நவம்பர் 21, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

கஞ்சித் தட்டைத் தள்ளிவிட்டுக் கேட்டேன். "இதில் கோதுமை மாவு கலந்தாயா?" அவள் புரியாமல் பார்த்தாள். அரிசியை மிச்சம் பிடித்துப் பிள்ளைக்குக் கொடுக்கிறாயா, உண்மையைச் சொல் என்றேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி சொன்னேன். பத்து நாளாகக் கோதுமைக் கஞ்சி குடித்துக் கன்னம் ஒட்டிப் போய் நிற்கிறவளைப் பார்த்துச் சொன்னேன்.

வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்த கலாவைக் கூப்பிட்டாள். உச்சந்தலையில் கை வைத்தாள்.

"என் புள்ள மேல சத்தியம். இவரு தட்டுல ஒரு சிட்டிக கோதும நான் போட்டிருந்தா, அந்தக் கேடு இவளுக்கே ஆவட்டும்."

கலா என்னைப் பார்த்துச் சிரித்தாள். விளையாட்டு என்று நினைத்தாள்.

இதற்கு மேல் ஒருத்தி என்ன சொல்ல முடியும். மன்னித்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கஞ்சியை முழுக்கக் குடித்தேன்.

நவம்பர் 27, சனி

மறுபடி சிதம்பரம். 45.

பட்டியலை டாக்டர் படித்தார். கஞ்சி, ரசம், மோர். கஞ்சி, ரசம், மோர். ஏழு நாளும் அதுவே. "மீன்? முட்டை?" பத்தியம் சார் என்றேன். "யார் சொன்ன பத்தியம்? கோதுமையை மட்டும்தானே நிறுத்தச் சொன்னேன். பட்டினி கிடக்கச் சொன்னேனா?" மேஜையை ஒரு தட்டு தட்டினார். தேசிங்கின் நினைவு வந்தது. மூன்றாவது வகுப்போடு நின்றவன்.

"சரி, எடை குறையறதுக்கு இது காரணம். வயிறு ஏன் நிக்கலை?" என்று அவரே கேட்டுக்கொண்டார்.

பாக்கியம் பெருங்காயம் வாங்கிவரச் சொல்லியிருந்தாள், சிதம்பரத்தில் நன்றாக இருக்குமாம். கீழவீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடை. உள்கட்டில் ஒருவர் பெரிய தாம்பாளத்தில் எதையோ பிசைந்துகொண்டிருந்தார். வாடை தூக்கியடித்தது. பக்கத்தில் திறந்த மூட்டை, வெள்ளை மாவு.

"அது என்ன மாவுங்க?"

"மைதா. பெருங்காயத்துக்கு."

"பெருங்காயத்தில் மைதாவா?"

"பின்ன? ஒண்ணும் கலக்காத பாலுக் காயத்த எவன் வாயில வெப்பான்? கோதும மாவும் பிசினும் போட்டுப் பெசஞ்சாத்தான் கட்டி நிக்கும். எல்லாக் கடையிலயும் இதான்."

என்ன வேண்டும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்றேன்.

வயிறு கெட்டால் பெருங்காயம். இன்னும் கெட்டால் இன்னும் பெருங்காயம். இருபது நாளாக அவள் கையாலேயே.

ரயிலில் முதலில் நிம்மதிதான் வந்தது. மதராசு வேண்டாம், கத்தி வேண்டாம். ஆலப்பாக்கம் வந்தபோது கலாவின் தலைமேல் இருந்த அந்தக் கை நினைவுக்கு வந்தது.

அவளிடம் சொல்லக் கூடாது.

பெருங்காயம் சூடு, நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர் என்றேன். மீன் சாப்பிடச் சொல்லிவிட்டார் என்றேன். இரண்டாவது மட்டும் உண்மை. முகம் மலர்ந்துபோய்த் தேசிங்குக்குச் சொல்லியனுப்பினாள்.

நவம்பர் 29, திங்கள்

மழை. கலாவுக்கு நேற்றிலிருந்து காய்ச்சல். மழையில் ஆடினாள், அதனால்தான். அதனால்தான்.

எனக்கு மீன்குழம்பு. தேசிங்கு பக்கத்தில் உட்கார்ந்து முள் எடுத்துக் கொடுத்தான். வயிறு நான்கு தடவை. வெட்கங்கெட்ட வயிறு.

டிசம்பர் 1, புதன்

காய்ச்சல் 103. கம்பவுண்டர் மிக்ஸ்சர் கொடுத்தார். பாக்கியம் மாரியம்மனுக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறாள். காய்ச்சல் இறங்குகிற வரைக்கும் அன்னம் தொடுவதில்லை என்று வேண்டுதல். கோதுமைக் கஞ்சியும் போயிற்று. வெறும் தண்ணீர்.

எனக்குச் சோறு போட்டுக்கொண்டே கேட்டாள். "நான் அறியாம எதுனா கலந்துட்டனாங்க? சத்தியம் தப்பிப் போச்சா? ஒங்களுக்கு எதுனா தெரியுமா?"

"இல்லை."

"நெசமா?"

"நிஜமாக."

வயிறு: இரண்டு. எட்டு மாதத்தில் முதல் தடவை.

சத்தியத்தால் காய்ச்சல் வராது என்று எனக்குத் தெரியும். அப்படியானால் சொல்லியிருக்கலாமே. சத்தியம் தப்பிவிட்டது என்று சொன்னால் அவள் உடைந்துவிடுவாள், சொல்லாவிட்டால் பட்டினி கிடப்பாள். வாத்தியார் இரண்டையும் கூட்டிக் கழித்து, தனக்குச் சுலபமானதை எடுத்துக்கொண்டார்.

இதை அவள் படிக்க மாட்டாள். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவன் பெண்டாட்டிக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

டிசம்பர் 4, சனி

காய்ச்சல் விட்டது. கலா சோறு கேட்டாள். என் சட்டியிலிருந்து போட்டேன். பாக்கியம் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்புறம்தான் ஒரு டம்ளர் கஞ்சி.

முடிந்தது என்று நினைத்தேன்.

டிசம்பர் 6, திங்கள்

பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அடுப்பு மூட்டவில்லை. மீதிப் பெருங்காயக் கட்டி தரையில் காகிதத்தின் மேல் இருந்தது. வீணாகப் போகிறதே என்று கடைத்தெருவுக்கு எடுத்துப்போய், மிளகு மாற்றித் தரக் கேட்டிருக்கிறாள். கடைக்காரன் வாங்க மாட்டேன் என்றானாம். கோதுமை மாவு போட்ட சரக்கு, மழைக்காலத்தில் பூச்சி வைக்கும் என்றானாம்.

"ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் சத்தியம் பண்ணப்பவே தெரியுமா?"

"இல்லை. அதற்கு அப்புறம், சிதம்பரத்தில்."

"எத்தினி நாளாச்சி?"

"ஒன்பது நாள்."

விரல் விட்டு எண்ணினாள். கலாவின் காய்ச்சல் நாட்களை எண்ணுகிறாள் என்று தெரிந்தது.

"நான் தண்ணியக் குடிச்சிக்கினு அம்மன் கிட்ட கேட்டேன், என்னா தப்பு பண்ணேன் சொல்லுன்னு. ஒங்களையும் கேட்டேன். நீங்க சோறு தின்னுக்கினே இல்லன்னீங்க."

உன் நல்லதுக்குத்தான் என்று ஆரம்பித்தேன்.

"நான் வெஷம் போட்டத நான் தாங்கிக்குவேன். தெரியாம போட்டேன்." குரல் ஏறவில்லை. பெருங்காயத்தைக் காகிதத்தோடு சுருட்டிக்கொண்டே, "சமைச்சி வெக்கறேன். இனிமே ஒங்க தட்டுல நான் கை வெக்க மாட்டேன்."

டிசம்பர் 11, சனி

வெயில். சிதம்பரம். 47½.

டாக்டருக்கு ஒரே சந்தோஷம். பெருங்காயத்தைச் சொன்னதும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார், காகிதம் எடுத்து எழுதிக்கொண்டார். நோய் இதுதான் என்று உறுதியாகிவிட்டது. மதராசு வேண்டாம். ஆயுசுக்கும் கோதுமை இல்லை, அவ்வளவுதான். "வீட்டுல சொல்லுங்க, அவங்க கையால இனி நல்லா சாப்பிடலாம்னு."

சாயங்காலம் வீடு. சட்டி, அகப்பை, தட்டு மூன்றும் கழுவி வரிசையாக. சங்கரா மீன் குழம்பு மூடி வைத்திருந்தது. பாக்கியம் வாசற்படியில் உட்கார்ந்து கலாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் கொட்டிய முடி சீப்போடு வந்தது.

நாற்பத்தேழரை என்றேன்.

"அப்பா ஏறிட்டாரும்மா" என்றாள் கலா.

பாக்கியம் வகிடு எடுத்தாள், பின்னினாள், ரிப்பன் கட்டினாள். திரும்பவில்லை.

சோறு நானே போட்டுக்கொண்டேன்.