விருந்தாளி சொன்ன தப்பு

9 பிப்ரவரி 2003, ஞாயிறு

விமானக் கண்காட்சியில் பழக்கமானவராம், தினேஷ் என்பவரை என் வீட்டுக்காரர் மாலையில் வீட்டுக்கு அழைத்து வந்தார். இவர் முகம் கழுவப் போனபோது, தினேஷ் என்னிடம் இரண்டு போர் விமானங்களின் படங்களைக் காட்டினார்.

"நாலு நாடு சேந்து செஞ்ச யூரோஃபைட்டர்ல ரேடார் தட்டு ஆடி ஆடித்தான் பாக்கும் மேடம். பிரான்ஸ் பிரிஞ்சுபோய்ச் செஞ்ச ரஃபேல்ல அசையாமலே பாக்கும்."

இவர் வந்து உட்கார்ந்ததும் தினேஷ் அதையே தலைகீழாகச் சொன்னார். இவர் உற்சாகமாகத் திருத்தினார். திருத்தத் திருத்த, பேச்சு இவருடைய ராணுவ லேபில் செய்யும் ரேடாருக்கு வந்துவிட்டது. என்னிடம்கூட வாய் திறக்காத விஷயம் அது. மடியிலிருந்த குழந்தையைக் கிள்ளி அழவைத்தேன். பேச்சு நின்றது.

"வேணும்னே தப்பா சொல்லி உங்க வாயைக் கிளறுறாருங்க" என்றேன், தினேஷ் போனதும்.

"உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம். அடுத்த ஞாயிறு சாப்பிட வர்றாரு, பிரியாணி பண்ணிடு."

அன்று நாங்கள் ஊரில் இருக்கமாட்டோம். இவருக்குத்தான் அது இன்னும் தெரியாது.