கறி ஆறுகிற வேகம்

மார்ச், செவ்வாய்

காலையில் ஸ்னோ, மத்தியானம் மழை, இப்போது இரண்டும் கலந்த சேறு. சப்பாத்துக்குள் தண்ணீர். வீட்டுக்கு வரும் மல்வேர்ன் பஸ் வழக்கம் போல பிந்தி.

வாங்க: பால், மிளகாய்த்தூள், கல்குலேட்டருக்குப் பற்றரி.

கணக்குச் சோதனைத் தாள் வந்தது. மார்க் இல்லை. அந்த இடத்தில் ‘என்னை வந்து பார்’ என்று மிஸ்ஸின் சிவப்பு எழுத்து. மீனாவின் தாளிலும் அதே. மீனா கோயம்புத்தூர்க்காரி. பெரியவர்களுக்கான இந்தப் பள்ளிக்கூடத்தில் எனக்குப் பக்கத்துக் கதிரை.

கேள்வி: சரிவில் உருளும் பந்து போகும் தூரம் 5t². இரண்டு செக்கன் ஆகும் அந்தக் கணத்தில் வேகம் என்ன? நான் ஒரே வரி: 10t, ஆகவே 20. மீனாவும் அதே ஒரே வரி. நான் ஊரில் ஏ.எல். வரை படித்தவள், அவள் ப்ளஸ் டூ. கை தானாக எழுதும். t-க்கு மேலே இருக்கிற அடுக்கை முன்னால் இறக்கிப் பெருக்கு, அடுக்கில் ஒன்றைக் குறை, முடிந்தது. இங்கே அது அடுத்த வகுப்புப் பாடமாம். இந்த வகுப்பில் சின்னச் சின்ன இடைவெளிகளில் சராசரி வேகம் எடுத்து, விடையை நெருங்கிக் காட்ட வேண்டுமாம்.

செய்கை வரிகள் இல்லாத ஒரே விடை, பக்கத்துப் பக்கத்துக் கதிரை. ஒருத்தி மற்றவளைப் பார்த்து எழுதியிருக்கிறாள் என்று மிஸ் முடிவு கட்டிவிட்டார். வெள்ளிக்கிழமை தனித்தனியாக வந்து பலகையில் விளக்க வேண்டும். முடியாவிட்டால் சைபர். சைபர் என்றால் பாடம் போச்சு, செப்ரெம்பரில் தொடங்க இருந்த லாப் டெக்னீஷியன் படிப்பும் போச்சு.

நான் களவாய் எழுதினேனாம். நான்!

புதன்

இரவு வீட்டில் இவரிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே, “அவள்தான் பாத்தெழுதினவள் எண்டு சொல்லிப்போட்டு உம்மட அலுவலைப் பாரும்” என்றார். அவள் பார்க்கவில்லையே என்றேன். அப்படியென்றால் இரண்டு பேருமாய்ப் போய்ச் சைபர் வாங்குங்கோவாம்.

பாத்திரம் கழுவும்போது என்னையே கேட்டுப் பார்த்தேன். ஏன் 20? தெரியாது. அந்த ஒரு கணத்தில் பந்து எங்கே நகர்கிறது? தூரமும் சைபர், நேரமும் சைபர். சைபரைச் சைபரால் எப்படிப் பிரிக்கிறது? ஐயோ, இவ்வளவு காலமும் ஒன்றும் விளங்காமலே அடுக்கை இறக்கியிருக்கிறேன். நேற்றுக் கோபம்தான். பயம் இன்றைக்குத்தான் பிடித்தது.

வியாழன்

நான் வேலை செய்கிற சாப்பாட்டுக் கடை. காலை வேலை. ஆட்டிறைச்சிக் கறி பெரிய சட்டியில். பிரிட்ஜில் வைக்க முதல் ஆற வேண்டும். சூட்டுமானியைக் குத்திப் பார்ப்பது என் பொறுப்பு. “உது எப்ப பிள்ளை ஆறும்?” என்றார் முதலாளி அண்ணை. முதலில் மளமளவென்று இறங்கியது, இப்போது இழுக்கிறது என்றேன். சொல்லிவிட்டு அப்படியே நின்றேன்.

இப்போது என்றால் எப்போது? ஒரு மணித்தியாலத்துக்கு எடுத்தால் ஒரு வேகம். பத்து நிமிடத்துக்கு வேறு. ஒரு நிமிடத்துக்கு இன்னொன்று. இடைவெளியைச் சைபர் ஆக்கவே தேவையில்லை. குறைத்துக்கொண்டே போனால் போதும்; விடை எதை நெருங்குகிறது என்று தெரிந்துவிடும்! பார்சல் பெட்டி மூடியிலேயே பந்துக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன்.

2 இலிருந்து 3 செக்கன் வரை, சராசரி வேகம்: 25
2 இலிருந்து 2.1: 20.5
2 இலிருந்து 2.01: 20.05

அழுகை வந்துவிட்டது. அண்ணை பார்த்தார். வெங்காயம் என்றேன்.

மீனாவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை.

வெள்ளி

மீனா எனக்கு முதல் போனாள். வெளியே வந்தவள் என் முகம் பாராமலே படி இறங்கினாள். நான் போய்க் கறிச் சட்டி ஆறியதையும் சொல்லி, பந்துக் கணக்கையும் செய்து காட்டினேன். என் இங்கிலீஷ் தடக்கியது, கணக்குத் தடக்கவில்லை. மிஸ் தலையாட்டினார். எனக்கு முழு மார்க். மீனா என்னைப் பார்த்து எழுதியதாக ஒப்புக்கொண்டுவிட்டாளாம்.

அது பொய் மிஸ் என்றேன். மிஸ்ஸுக்கு முகம் சிவந்துவிட்டது. திங்கட்கிழமை மீனாவும் வந்து விளக்கட்டும். விளக்கினால் இரண்டு பேருக்கும் மார்க், இல்லாவிட்டால் இரண்டு தாளும் சைபர் என்றார். ஓம் என்றுவிட்டேன்.

மீனா பின்னேரம்தான் போனை எடுத்தாள். “எனக்கு விளக்கத் தெரியலக்கா. நான் ஒத்துக்கிட்டா உங்களையாவது விட்டுடுவாங்கன்னுதான்.”

விசரி, உன்னை ஆர் கேட்டது என்று ஏசினேன். ஞாயிறு கடைக்கு வா என்றேன். இவருக்கு இன்னும் சொல்லவில்லை.

ஞாயிறு

வெயில், ஆனால் விறைக்கிறது. கோழிக்கறி. மீனாவின் கையில் சூட்டுமானியும் மணிக்கூடும். பந்துக் கணக்குக்கு வந்தால் திரும்பத் திரும்ப அடுக்கை இறக்கப் போகிறாள், கையில் தட்டினேன். போகும்போது, விளங்கின மாதிரி இருக்கு என்றாள். மாதிரி என்றால் என்ன? கேட்கப் பயம்.

இவருக்குச் சொன்னேன். கிடைத்த மார்க்கைத் தூக்கிக் குடுத்தனீரோ என்று கத்தினார். ஓம், குடுத்தனான் என்றேன்.

திங்கள்

வகுப்புக் கதவுக்கு வெளியே நின்று எழுதுகிறேன். மீனா உள்ளே. பலகையில் பேனை கிறீச். நின்றுவிட்டது. அடுக்கை இறக்கிவிட்டாளோ? மிஸ் ஏதோ கேட்கிறார். இப்போது மீனாவின் குரல், மெதுவாய், இங்கிலீஷில்: இந்த இடைவெளி இன்னும் பெரிசு மிஸ், இன்னும் கொஞ்சம் குறைக்கட்டுமா?