நீ தள்ளிப்போட்ட வருடமும் நான் அழுத்திய பொத்தானும்

ஹான்காக், மிச்சிகன்
மார்ச் 9

என் செல்ல மகள் ஹெல்மிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், கிழட்டுப் பூனையும் சுகம், கூரை மேல் உட்கார்ந்த பனிதான் இன்னும் இறங்கமாட்டேன் என்கிறது. அங்கே லூசியானாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் ஆகாதா, கடிதம் எதற்கு என்பாய். போனில் நீ "நல்லா இருக்கேன்ப்பா" என்பாய், நான் "சரிம்மா" என்பேன், அதற்குள் அம்மா பிடுங்கிக்கொள்வாள். அது மட்டுமில்லை, இது உன் குரலைக் கேட்டுக்கொண்டே என்னால் சொல்லமுடிகிற விஷயமும் இல்லை.

நான் ஒரு தப்புச் செய்துவிட்டேன் கண்ணு. போன மாதம் நீ, "செப்டம்பர்ல காலேஜுக்குப் போவேனான்னே தெரியலப்பா, இங்க புயல் அடிச்சு இன்னும் எத்தனையோ வீட்டுக்குக் கூரை இல்ல" என்றாயே, நான் அப்படியே போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நாலு நாள் கழித்துக் கல்லூரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் என் பெயருக்கும் வந்தது. சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிப்போட்டவர்கள் ஏப்ரல் ஒன்றாம் தேதிக்குள் வருகிறோம் என்று உறுதி சொல்லவேண்டும், இல்லாவிட்டால் இடம் போய்விடும் என்று போட்டிருந்தது. உன் பாஸ்வேர்ட் எட்டாம் வகுப்பிலிருந்து பூனையின் பெயர்தானே. அதைப் போட்டுக் கல்லூரியின் தளத்துக்குள் போய் 'வருகிறேன்' என்கிற பொத்தானை அழுத்திவிட்டேன். திரையில் வண்ணக் காகிதமாகக் கொட்டி, வாழ்த்துகள் ஹெல்மி என்று வந்தது. ஒரு நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம்தான் நான் செய்தது உறைத்தது. அம்மா சுட்டுவைத்த இறைச்சிப் பாஸ்டியைப் பாதியில் வைத்துவிட்டேன், அதிலேயே அவள் கண்டுபிடித்துவிட்டாள். சொன்னேன். "அவ வாழ்க்கைக்கு நீ கையெழுத்துப் போட்டியா ஆர்வோ?" என்று மட்டும் கேட்டாள். சனிக்கிழமை சவுனா நீராவிக் குளியலிலும் பலகையின் அந்தக் கோடியில் போய் உட்கார்ந்துகொண்டு தண்ணீரை மட்டும் சுடுகல்லில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அந்த ஆவியில் முகம் தெரியாது என்கிற தைரியத்தில்தான், இத்தனை வருடமாக அவளிடம்கூடச் சொல்லாததைச் சொன்னேன். உனக்கும் சொல்லிவிடுகிறேன்.

எனக்கும் ஒரு காலத்தில் இடம் கிடைத்தது. வனவியல் படிக்க. அந்தக் கோடையில் தாத்தாவுக்கு மரம் உருண்டு கால் முறிந்தது, அவருக்குப் பதிலாக ஒரே ஒரு வருடம் மரமில்லுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கல்லூரிக்கு எழுதிப்போட்டேன். அந்த ஒரு வருடத்துக்கு இப்போது முப்பத்து நாலு வயது. யாரும் என்னைத் தடுக்கவில்லை, அடுத்த வருடம் வருகிறேன் என்று நான்தான் எழுதவில்லை. போன வருடம் நீ சமையலறையில் நின்று "ஒரே வருஷம்ப்பா" என்றபோது நான் கத்திவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனேனே, அது உன் மேல் கோபம் என்று நீ இத்தனை நாள் நினைத்திருப்பாய். கோபமில்லை கண்ணு, பயம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அம்மா, "உன்னை உங்க வீட்டு நெலமை மில்லுக்கு அனுப்பிச்சுது. அவ ஆசைப்பட்டுப் போயிருக்கா. ரெண்டும் ஒண்ணா? திங்கக்கிழமை காலேஜுக்குப் போன் போடு" என்றாள்.

போட்டேன். சேர்க்கை அலுவலகத்தில் ப்ளாங்க் என்று ஒரு அம்மாள். நான் மென்று விழுங்கிச் சொல்லி முடித்ததும், "படிக்கப் போறது உங்க பொண்ணா சார், நீங்களா?" என்று கேட்டாள். பொண்ணுதான் என்றேன். "அப்ப அவங்க வந்து அழுத்தட்டும், நீங்க கையைக் கட்டிக்கிட்டு இருங்க" என்று நான் கொடுத்த உறுதியை அழித்துவிட்டாள். உன் இடம் பழையபடி இருக்கிறது, தேதியும் அதேதான். இன்னொரு வருடம் வேண்டுமென்றால் நீயே எழுதிக் கேட்கலாமாம், கிடைக்கும் என்று மட்டும் வாக்குக் கொடுக்கமாட்டாளாம். பாஸ்வேர்டை மாற்றிவிடு, எனக்குச் சொல்லாதே. நீ படிக்கவேண்டும் என்கிற ஆசை எனக்கு இல்லை என்று பொய் சொல்லமாட்டேன், நிறைய இருக்கிறது. ஆனால் வருகிறேன் என்றாலும் வரவில்லை என்றாலும் ஒன்றும் சொல்லாமல் தேதியைத் தாண்டவிடாதே. அது மட்டும் எனக்காக.

இன்னொன்றும் சொல்லவேண்டும், இதற்கும் திட்டிக்கொள். மில்லில் எல்லோரிடமும் நீ கல்லூரியில் இருப்பதாகவே சொல்லிவந்தேன். நேற்றுச் சாப்பாட்டு நேரத்தில் என்னோடு வேலை செய்கிற டுவேன், "பொண்ணு காலேஜ்ல எப்படிப் பண்றா?" என்றான். அவள் காலேஜில் இல்லை, புயல் அடித்த ஊரில் கூரை போடுகிறாள் என்றேன். நீ கூரையின் மேல் நின்று சிரிக்கிற படத்தையும் காட்டினேன். போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். "என் கொட்டகை ரெண்டு வருஷமா ஒழுகுது, ஊருக்கு வந்தா இந்தப் பக்கம் அனுப்புறியா?" என்றான். முதலில் என் வீட்டுக்கு வரட்டும் என்று சொல்லிவிட்டேன்.

நீ எந்த உயரத்தில் நின்றாலும் கடவுள் உன் காலைத் தாங்கட்டும். இடுப்பில் கயிறு கட்டாமல் ஏறாதே. அம்மாவின் முத்தங்கள்.

உன்னைப் பார்க்கக் காத்திருக்கும்
அப்பா
ஆர்வோ