கோட்டில்லாத படம்

மச்சான்,

காலையில் மெஷினிலிருந்து உன் பேனரை உருவியபோது மை சரியாகக் காயவில்லை. ஃப்ளெக்ஸ் மையின் நெடி உனக்கு ஆகவே ஆகாது. ஆலங்குடிக்கு வரும்போதெல்லாம் என் கடைக்குள் நுழையாமல், வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டே பேசுவாய். இன்று அதே நெடியோடு எட்டுக்குப் பத்தடியில் என் கடைத் தரையில் கிடந்தாய். ஃபேனை உன் பக்கம் திருப்பி வைத்தேன். முதலாம் ஆண்டு நினைவஞ்சலி என்று மேலே சிவப்பில் எழுதியிருக்கிறேன். இந்தப் பேனருக்காக நாலு நாள் சண்டை போட்டேன். யாரோடு, எதற்கு என்று உனக்குத் தெரிய வேண்டாமா?

முதலில் வந்தவர் உன் மச்சினன். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த உன் படத்தை ஃபிரேமோடு கழற்றிக்கொண்டு வந்திருந்தார். கறுப்புக் கோட்டு, நீல டை, பின்னால் எவனுடையதோ ஒரு வெள்ளைக் கார்.

"பாய், இதையே பெருசாப் போடுங்க. பொண்ணு பாத்துட்டுப் போன திருமயத்துக்காரங்க தெவசத்துக்கு வாராங்க. பாத்தா ஒரு மதிப்பா இருக்கணும்ல?"

அந்தக் கோட்டை எனக்கா தெரியாது? அரபு நாட்டில் நாம் தங்கியிருந்த கம்பெனி கேம்ப்பில் அதுதான் ஒரே கோட்டு. எப்போதோ ஊருக்குத் திரும்பிப் போன ஒருவன் ஆணியில் மாட்டிவிட்டுப் போனது. வெள்ளிக்கிழமை லீவு வந்தால் அதற்கு வரிசை நிற்கும். போட்டுக்கொண்டு டவுனுக்குப் போவோம். கார் நிறுத்தும் இடத்தில் நல்ல காராகப் பார்த்துப் பக்கத்தில் நின்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்புவோம். மணமேல்குடியில் எங்கள் தெருவிலேயே என் வீட்டையும் சேர்த்து மூன்று வீடுகளில் அந்தக் கோட்டு தொங்குகிறது, தலை மட்டும்தான் வேறு வேறு. நீ தண்ணி லாரி ஓட்ட, நான் பின்னால் ஓஸ் பைப்பைப் பிடித்து, புதிதாகப் போடும் ரோட்டின் மண்ணை நனைத்தபடி நடப்பேன். ஊரைப் பொறுத்தவரை நீ ஆபீஸ் கிளார்க், நான் ஸ்டோர் கீப்பர்.

பாலைவனத்துப் பாறைகளுக்குப் போன அந்த வெள்ளிக்கிழமையும் கோட்டுக்காகத்தான் கிளம்பினோம். கார்களின் பக்கத்தில் நின்று அலுத்துவிட்டது, பாறைக்கு முன்னால் நின்றால் டூர் வந்த மாதிரி இருக்கும் என்று யோசனை சொன்னது நான். பாகிஸ்தான்காரர் ஒருவர் தன் பிக்கப்பில் விடியும் முன்னே இறக்கிவிட்டுவிட்டு, பொழுது சாய வருவதாகச் சொல்லிப் போனார். கோட்டை நான் பையில் மடித்து வைத்திருந்தேன். நீ மலையாளி ஒருவரிடம் வாங்கிய பழைய கேமராவைக் கழுத்தில் மாட்டியிருந்தாய்.

நம் நார்த்தாமலைப் பக்கம் பாறை கருத்து, உருண்டு, தன் பாட்டுக்குக் கிடக்கும். அங்கே அப்படி இல்லை. காற்றும் மணலும் அரித்து அரித்து, கழுத்து மெலிந்து தலை பெருத்து, விழப்போவதுபோல் ஒவ்வொன்றும் நின்றது. நீ அதில் ஒன்றைத் தேர்ந்துகொண்டாய். எதிரே மூன்று கல்லை அடுக்கி அதன்மேல் கேமராவை வைத்தாய். அதன்பின் அந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை.

இருட்டு பிரியும்போது அது சாம்பல் நிறத்தில் இருந்தது. சூரியன் தலை காட்டியதும் செங்கல் நிறம், பத்து மணிக்கு வெளிறிய மஞ்சள். உச்சி வெயிலில் நிழலெல்லாம் போய், அட்டையில் வெட்டி நிறுத்தியதுபோல் தட்டையாகத் தெரிந்தது. மணிக்கு ஒருமுறை எழுந்து எடுத்தாய். நான் பக்கத்துப் பாறையின் நிழலில் துண்டை விரித்துப் படுத்து, நிழல் நகர நகர நானும் உருண்டுகொண்டிருந்தேன்.

"ஒரே கல்லை எத்தனை தடவைடா எடுப்ப?" என்று கத்தினேன்.

"கல்லு ஒண்ணுதான் மாப்ள. வெளிச்சந்தான் அதைப் பத்தி நேரத்துக்கு ஒண்ணு சொல்லிட்டுப் போவுது."

மூன்று மணிக்குமேல் வெயில் சாய்ந்தது. காலையில் கண்ணில் படாத வரிகளெல்லாம் பாறையில் வரிசையாக எழுந்தன. எனக்கே படுத்திருக்க மனம் வரவில்லை. ஐந்து மணி வாக்கில் மொத்தப் பாறையும் கனிந்து சிவந்தது. நான் அவசரமாகக் கோட்டை எடுத்து உன்னிடம் நீட்டினேன். நீ வாங்கினாய், உதறினாய், சுருட்டிக் கேமராவுக்கு அடியில் வைத்தாய். கல்லின் ஆட்டம் நின்றது.

"போதும்டா. ஒரு படத்துலயாவது நான் நிக்கிறேன்."

கம்பெனியின் நீல உடுப்பு, முழங்காலில் தார்க்கறை. எதிர்வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாய். அதை எடுத்தவன் நான். சின்னத் திரையில் வெகுநேரம் பார்த்தாய். வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டேன்.

"வேணாம். ஊருக்குப் போயி நானே கையில குடுத்துச் சொல்றேன். அதுவரைக்கும் நீ வச்சிரு."

நானும் திரும்பி வந்து இந்தக் கடையைப் போட்ட பிறகும் வைத்திருந்தேன். ஊருக்கு வந்தாய், வயலில் கடலை போட்டாய், முந்திரி பறித்தாய், மகளைக் காலேஜுக்கு அனுப்பினாய். படத்தைக் கேட்டு மட்டும் வரவில்லை. நானாக எடுத்துக் கொடுத்தால், "இந்தக் கடலை எடுப்பு முடியட்டும்" என்பாய். எத்தனை கடலை எடுப்பு மச்சான்? பிறகு ஒருநாள் காலையில் வயலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். எனக்கு உன்மேல் கோபம்தான். போய்ச் சேர்ந்தவனிடம் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுவேன்.

அதனால்தான் உன் மச்சினனிடம் கோட்டுப் படத்தைப் போட முடியாது என்று சொன்னேன். அவருக்கு மூக்குக்குமேல் கோபம்.

"அப்ப வேற கடையில போட்டுக்கிறோம்."

"தாராளமாப் போட்டுக்கங்க. தலையில்லாத கோட்டு எல்லாக் கடைக் கம்ப்யூட்டர்லயும் இருக்கு, தலைய ஒட்டிக் குடுத்துருவாங்க."

போனார், மறுநாளும் வந்து மிரட்டினார். மூன்றாம் நாள் உன் மனைவியும் மகளும் வந்தார்கள். தங்கச்சியிடம் வாயால் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை. கம்ப்யூட்டரில் பாறைப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினேன். சாம்பல், செங்கல், மஞ்சள், அட்டை, சிவப்பு. கடைசியில் நீ.

"என்ன உடுப்புண்ணே இது?"

"கம்பெனி உடுப்பு, தங்கச்சி. மச்சான் ஆபீஸ்ல இல்லை. தண்ணி லாரி ஓட்டுனான்."

அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"தெரியும்ண்ணே. மொத லீவுல வந்தப்ப பெட்டியத் தொறந்தேன். பனியனெல்லாம் தாரு. ஆபீஸ்ல ஏது தாரு? கேட்டா ஒடிஞ்சு போயிருவாரு. அவரா சொல்லட்டும்னு இருந்துட்டேன்."

நீ சொல்லப் பயந்தாய், அவள் கேட்கப் பயந்தாள். ஒரே வீட்டில், ஒரே சுவரில் அந்தக் கோட்டை மாட்டிவைத்து இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறீர்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உன் மகள் மட்டும் தெளிவாக இருந்தாள். "மத்தியானம் எடுத்தது நல்லாவே இல்லை மாமா. அதையும் சேத்து எனக்கு அனுப்புங்க" என்றாள்.

வாசலில் நின்ற உன் மச்சினன், "சம்பந்தம் கைவிட்டுப் போயிரும் ஆத்தா, சொன்னாக் கேளு" என்றார்.

"போனாப் போகட்டும். அப்பன மறைச்சு வச்சுக்கிட்டுத்தான் எம்மக வாழணுமா? இதையே போடுங்கண்ணே."

போட்டேன். இன்று காலை உன் தெருமுனையில் நானே ஏணி வைத்துக் கட்டினேன். திருமயத்திலிருந்து மாப்பிள்ளையின் அப்பா வந்தார். பேனருக்கு எதிரே நின்று மேலும் கீழுமாகப் பார்த்தார்.

"ஆபீஸ்ல பெரிய வேலைன்னு சொன்னாங்களே?"

உன் மச்சினன் என் முழங்கையை அழுத்தினார். நான் கையை உருவிக்கொண்டேன்.

"இல்லைங்க. தண்ணி லாரி ஓட்டுனாரு. நான் பின்னாடி ஓஸ் பிடிச்சுக்கிட்டு நடந்தேன்."

"பாய் ஸ்டோர் கீப்பர்ல?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

"ஓஸ்தான்" என்றேன்.

"அப்படிங்களா" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார், தங்கச்சியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்னும் பதில் வரவில்லை. வந்தால் சந்தோஷம். வராவிட்டால் உன் மகளுக்கு ஆள் கிடைக்காமல் போகாது.

நான் இதை எழுதி முடிப்பதற்குள் சேதி மணமேல்குடிக்கும் போய்விட்டது. என் வீட்டிலிருந்து இரண்டு முறை போன் வந்தது, எடுக்கவில்லை. நேரில் போய்ச் சொல்ல வேண்டிய விஷயம் அது. உன்னைப்போல் கடலை எடுப்பு முடியட்டும் என்று நான் தள்ளப்போவதில்லை. இனி இந்த ஊரில் நான் ஸ்டோர் கீப்பர் பாய் இல்லை, ஓஸ் பிடித்த பாய். அப்படியே கூப்பிடட்டும் மச்சான். திரும்பிப் பார்ப்பேன்.