தலைநகரம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்

இயேசு மரி சூசை

சாந்தோம், சென்னை – 4
நவம்பர் 18

அன்புள்ள டீனா அப்பாவுக்கு,

லூயிசா எழுதுகிறேன். நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப்போவதில்லை. நீங்கள் நலமாக இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்று பிறகு சொல்கிறேன். போனில் நான் கொஞ்சம் அழுத்திப் பேசினால், "சிக்னல் சரியில்ல லூயிசா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தை அப்படிப் பாதியில் வைத்தாலும் மிச்சம் உங்கள் மேஜை மேலேயே கிடக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் டீனா. அவள் நன்றாக இருக்கிறாள். மழை விட்ட நாட்களில் பள்ளி முடிந்ததும் த்ரோபால் ஆடுகிறாள். ஆடிவிட்டு வந்து மூச்சு வாங்காமல் என்னிடம் கதை சொல்லும்போது, டில்லியில் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் நெபுலைசரை முகத்தில் மாட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளையா இவள் என்று இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன்னால் டாக்டர் அவளை அந்த ஊரை விட்டுக் கூட்டிப்போகச் சொன்னார். நான் கூட்டி வந்தேன். உங்கள் மத்திய செயலகப் பணியில் சென்னைக்கு மாற்றல் கிடையாது என்பதால் நீங்கள் அங்கேயே தங்கினீர்கள். இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி எடுத்த முடிவுதான். இன்றைக்கும் அது தப்பு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் அது முடிவில்லாமல் நீள வேண்டும் என்று நாம் பேசிக்கொள்ளவே இல்லை.

இனி பட்டிமன்றத்துக்கு வருகிறேன். டெரன்ஸ் உங்களிடம் எப்படிச் சொன்னானோ தெரியாது. என் வாயாலும் கேளுங்கள்.

டில்லியில் காற்று கெட்டுப்போனதால் தலைநகரத்தையே தெற்கே மாற்ற வேண்டும் என்ற பேச்சு டி.வி.யில் கிளம்பியதும் இங்கே எல்லோருக்கும் ஒரு வேகம் வந்துவிட்டது. எங்கள் தெருக்காரர்கள் சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு அதையே பட்டிமன்றமாக வைத்தார்கள். "தலைநகரம் தெற்கே வர வேண்டும்" என்ற அணியில் என் பெயரைச் சேர்த்தது மாடியில் இருக்கும் என் தம்பிதான். "அக்கா, வீட்டுக்காரர் டில்லியில, நீ இங்க. உன்னை விட்டா இதைப் பேச வேற யாரு கீறாங்க? அதுவுமில்லாம டில்லி மட்டும் இங்க வந்துச்சுன்னா நம்ம வீட்டு வெல இன்னா ஆவும் தெரியுமா?" என்றான் டெரன்ஸ். வீட்டு விலை என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் வருவீர்கள் என்று மட்டும் யோசித்தேன். சரி என்றேன்.

நீங்களும் உற்சாகமாகி, நிலநடுக்கம், காற்று, எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் ஆபத்து, இங்கே இருக்கும் துறைமுகம் என்று வாட்ஸ்அப்பில் குறிப்பு அனுப்பிக்கொண்டே இருந்தீர்கள். "நல்லா பேசு லூயிசா. டிபார்ட்மென்ட்டே கிளம்பி வந்துடும், பதவி உயர்வோட நானும் வந்துடுவேன்" என்று சொன்னீர்கள். நீங்கள் விளையாட்டாகச் சொல்கிறீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது, நீங்கள் உண்மையிலேயே அதற்காகக் காத்திருக்கிறீர்கள். சமையலறையில் நின்றபடி எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தேன்.

விழா அன்று மத்தியானம், புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது ஜஹீதா போன் செய்தாள். அவள் மேல் கோபப்படாதீர்கள். அங்கே நம் கீழ் வீட்டில் இத்தனை வருடமாக இருப்பவள், நம் டீனாவும் அவள் பையனும் ஒரே நெபுலைசரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு வளர்ந்தவர்கள். அவளால் எவ்வளவு நாள் பொய் சொல்ல முடியும்? நீங்கள் படிக்கட்டில் மூச்சு முட்டி விழுந்ததையும், அவள் வீட்டுக்காரர் உங்களைத் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதையும், ஆக்ஸிஜன் வைத்ததையும், லூயிசாவுக்குத் தெரியக் கூடாது என்று நீங்கள் அவளிடம் சத்தியம் வாங்கியதையும் சொன்னாள். நான் இஸ்திரிப் பெட்டியை அணைக்க மறந்துவிட்டேன். புடவை கருகிவிட்டது.

ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கவலப்படாத ஜஹீதா, தலைநகரத்தையே இங்க மாத்திடப் போறாங்களாம்" என்றேன். அவள் இந்தியில் கேட்டது இதுதான்: "நல்லது தீதி. அவங்க போனப்புறம் எங்க காத்தை யாரு பார்ப்பாங்க?" அவள் கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவளுக்குச் சொந்த ஊரே டில்லிதான். திரும்பிப் போக அவளுக்கு ஒரு சாந்தோம் கிடையாது.

வேறு புடவை கட்டிக்கொண்டு விழாவுக்குப் போனேன். கோயில் பக்கத்து ஹாலில் நல்ல கூட்டம். நடுவர், மயிலாப்பூரில் இருந்து வந்த அனந்தராமன் சார். கல்லூரியில் அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், தங்கமான மனிதர். என் முறை வந்தது. நீங்கள் அனுப்பியதைத்தான் ஆரம்பித்தேன். நிலநடுக்கம் வரைக்கும் வந்துவிட்டேன். காற்று என்று சொன்னதும் பேச்சு நின்றுவிட்டது. மறக்கவில்லை, சொல்ல மனம் வரவில்லை.

"தலைநகரம் இங்க வரக் கூடாது" என்றேன்.

ஹாலில் சிரிப்பு. பின்னால் யாரோ, "இன்னாம்மா, சைடு மாறிட்ட?" என்று கத்தினார்கள். அனந்தராமன் சார் மணியைத் தட்டி, "அம்மா, நீங்க எந்தக் கட்சின்னு மொதல்ல சொல்லிடுங்கோ" என்றார். "நான் என் கட்சி சார்" என்றேன். முன் வரிசையில் இருந்த டெரன்ஸ் இறங்கு இறங்கு என்று கையைக் காட்டினான். நான் மைக்கை விடவில்லை.

என் வீட்டுக்காரர் அந்த ஊர்க் காற்றில் மூச்சு முட்டிப் படிக்கட்டில் விழுந்தார், அதை எனக்குச் சொல்லாமல் மறைத்தார் என்று ஊரறியச் சொன்னேன். எம்.பி.க்களும் மந்திரிகளும் அதே காற்றைச் சுவாசிப்பதால்தான் இந்த அளவுக்காவது அதைப் பற்றிப் பேசுகிறார்கள், அவர்கள் பெட்டி படுக்கையைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டால் மிச்சம் இருக்கும் கோடிப் பேரைப் பற்றி யார் பேசுவார்கள் என்று கேட்டேன். அரசாங்கம் என்றால் திணறுகிற ஊரில் உட்கார்ந்து அதைச் சரிசெய்ய வேண்டும், தான் மட்டும் தப்பித்து ஓடக் கூடாது என்றேன். ஒரு மழைக்கே முழங்கால் தண்ணீரில் நிற்கிற இந்த ஊரை எதற்குத் தயாராக்கப் போகிறீர்கள், மந்திரிகள் கார் போக ரோடு போட்டால் முதலில் பட்டினப்பாக்கத்துக் குடிசைகளைத்தானே இடிப்பீர்கள் என்று சத்தமாகவே கேட்டேன்.

அதற்குப் பதில் சொன்னது யார் தெரியுமா? நமக்கு மீன் கொண்டுவரும் அன்புச்செல்வி. அவள் பட்டினப்பாக்கத்துக்காரி. சுவரோரம் நின்றிருந்தவள் அங்கிருந்தே, "டில்லி வரலன்னா மட்டும் எங்கள விட்டு வெக்கிறாங்களா டீச்சர்? இப்பவே தொரத்திக்கினுதான் கீறாங்க. வந்துச்சுன்னா, ஏன்டா தொரத்துறன்னு கேக்க ஆபீஸாவது பக்கத்துல கீதேன்னு நானே போயி நிப்பேன். என் புள்ள பி.காம் முடிச்சிட்டு சும்மா குந்திக்கினு கீறான். வரட்டும் டீச்சர், நீ ஏன் வாணாங்கற?" என்றாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. அவள் சொன்னதும் உண்மைதான். அதற்காக நான் சொன்னதை வாபஸ் வாங்கவும் இல்லை.

அனந்தராமன் சார், தலைநகரம் தெற்கே வர வேண்டும் என்றுதான் தீர்ப்புச் சொன்னார். ஒரு மனு கொடுக்க நாம் இரண்டு நாள் ரயிலில் போகிறோம், அங்கே போனால் நம் பாஷையில் பேச ஆள் இல்லை, இது என்ன நியாயம் என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. நானும் அங்கே பத்து வருடம் இருந்து அதை அனுபவித்தவள்தான். ஆனாலும் சொல்கிறேன், என் மனது மாறவில்லை. ஹாலில் நான் தோற்றேன். இறங்கி வந்து எல்லோரோடும் உட்கார்ந்து காபி குடித்தேன். டெரன்ஸ் இன்று வரை என்னோடு பேசவில்லை. பேசும்போது பேசட்டும்.

உண்மையில் நான் அடி வாங்கியது ஹாலில் இல்லை. நீங்கள் விழுந்ததை டீனாவிடம் நான் சொல்லவில்லை என்பது மைக்கை வைத்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அவள் கடைசி வரிசையில் இருந்தாள். ஊரோடு சேர்ந்து அவளும் அங்கேதான் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு முன்னால் வேகமாகப் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு, "டில்லி இங்க வந்தா அப்பா வந்துடுவாருல்ல? நீ ஏம்மா வேணான்னு சொன்ன? அப்பா வர வேணாமா உனக்கு?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அழுதாள். சாப்பிடவும் இல்லை.

அவளுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். தலைநகரம் வந்தால்தான் உன் அப்பா வருவார் என்று யார் சொன்னது? ஒரு நாட்டையே பெயர்த்து வைத்துவிட்டுத்தான் ஒரு மனுஷன் தன் வீட்டுக்கு வர வேண்டுமா? அவர்கள் பேசுவார்கள், கமிட்டி போடுவார்கள், தேர்தல் வரும், மறந்துபோவார்கள். அத்தனை வருடம் தாங்க உங்கள் நுரையீரலில் இடம் இல்லை.

அதனால் நான் முடிவு செய்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் செய்தேன், கோபப்பட்டால் படுங்கள். தலைமையாசிரியை சிஸ்டரிடம் விடுமுறை கேட்டேன். அரையாண்டுத் தேர்வு நேரத்தில் முடியாது என்றார்கள். "குடுத்தா சந்தோஷம் சிஸ்டர், குடுக்கலன்னாலும் போவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் அவர்களே கூப்பிட்டு, போய்விட்டு வா என்றார்கள். அடுத்த வாரம் ரயில் ஏறுகிறேன். டீனா மாடியில் டெரன்ஸ் வீட்டில் இருப்பாள். என்னோடு பேசாவிட்டாலும் அவளை ராஜாத்தி மாதிரி வைத்துக்கொள்வான்.

நான் வருவதற்குள் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுங்கள், மூன்று மாத நோட்டீஸ் காலத்துக்கு மருத்துவ விடுப்பு போடுங்கள். இருபது வருடச் சர்வீஸ் எப்போதோ முடிந்துவிட்டது. பென்ஷன் குறையும், பதவி உயர்வு போகும் என்பீர்கள். போகட்டும். என் சம்பளம் இருக்கிறது, என் அப்பா விட்டுப்போன வீடு இருக்கிறது. பெயர்ப் பலகையில் கூடுதலாக ஒரு வரி போடுவதற்காக இன்னொரு குளிர்காலத்தை அங்கே கழிக்க நான் சம்மதிக்க மாட்டேன். எழுதிக் கொடுக்கவில்லை என்றால் உங்கள் ஆபீசுக்கே வந்து, உங்கள் மேலதிகாரி முன்னால் நாற்காலி போட்டு உட்காருவேன். மைக் இல்லாமலும் எனக்குப் பேச வரும்.

ஜஹீதாவிடமும் பேசிவிட்டேன். காற்று மோசமாகிப் பள்ளிக்கூடத்தை மூடும் நாட்களில் பையனை அழைத்துக்கொண்டு இங்கே வந்து தங்கச் சொன்னேன். வீட்டுக்காரரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். இரண்டு பேர் வந்து தங்கினால் அந்த ஊர்க் காற்று சரியாகிவிடாது என்று எனக்கும் தெரியும். அதற்காகச் சும்மா இருக்க முடியுமா?

புனித தோமையாரின் கல்லறையில் உங்கள் பெயரைச் சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினேன். நான் வந்து சேரும்வரை அவர் உங்களைப் படிக்கட்டில் தனியாக விட மாட்டார் என்று நம்புகிறேன். மாடி ஏறாதீர்கள், ஜஹீதா வீட்டிலேயே படுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் இருமல் வந்தால் போனைப் பொத்திக்கொண்டு இருமாதீர்கள். என் பக்கத்தில் உட்கார்ந்து, எனக்குக் கேட்கும்படி இருமுங்கள். அது போதும் எனக்கு.

உங்களை அழைத்துப் போக வரும்,
லூயிசா