நிறுத்தாத சந்தா

8-2-1956
நோய்நொடிக்கு உதவும் எங்கள் ஊர்த் தீன சகாயச் சங்கத்தில் மறுபடியும் சந்தாவை ஏற்றிவிட்டார்கள். ஆளுக்கு மாதம் நாலணா ஆறணாவாகி, இப்போது பத்தணா. "பனையிலயிருந்து விழுகவன் கூடிட்டான், ஆசுத்திரிச் செலவும் கூடிட்டு அண்ணாச்சி" என்கிறார் செயலாளர் கோலப்பன். கருப்பட்டிக்கடை வைத்திருக்கும் எனக்கே கையைக் கடிக்கிறது. பனையேறி எங்கே போவான்?

19-2-1956
எங்கள் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு இணைக்கக் கேட்டு இணைப்புக் கூட்டம். மேடையில் முழங்கினேன். "தமிழ்நாட்டோடு சேர்ந்ததும் ஆஸ்பத்திரி இலவசம்! இனி ஒருத்தரும் சந்தா கட்டாதீர்கள்!" என்ன கைதட்டல்! இலவசம் என்று எனக்கு யார் சொன்னது? ஒருத்தரும் இல்லை. வாயில் வந்தது, சொன்னேன்.

5-3-1956
என் சந்தாவைக் கட்டினேன். கோலப்பன் வீட்டுப் பின்வாசலில் வைத்து. எதற்கும் ஒரு காவலாக இருக்கட்டும் என்றுதான்.

14-6-1956
தங்கை செல்லக்கனியின் மாப்பிள்ளை வைகுண்டராஜன் பனையிலிருந்து விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிவு. ஆஸ்பத்திரிச் செலவுக்குச் சங்கத்துச் சீட்டு வாங்க நானும் அவளும் ஓடினோம். மூன்று மாதம் கட்டாததால் பெயரை வெட்டியிருந்தார்கள்.

"அண்ணன் கட்டாண்டாம்னு சொன்னாம்லா, அதான் அவிய நிறுத்தினாவ" என்று கோலப்பனிடம் அழுதாள். அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். அதே பக்கத்தில் என் பெயர். மாதம் தவறாமல் வரவு. தங்கை வாசிக்கத் தெரிந்தவள்.

"நீ கட்டிட்டுத்தான் இருந்தியா?"

ஆஸ்பத்திரியில் நூறு ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார்கள். என்னிடம் இருந்தது முப்பது. எலும்பு கட்டும் ஆசானிடம் தூக்கிக்கொண்டு போனோம்.

16-6-1956
தங்கை வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் அவள் பின்கட்டுக்கு எழுந்து போய்விட்டாள்.

2-9-1956
கட்டவிழ்த்தார் ஆசான். மாப்பிள்ளையின் கால் குட்டையாகிவிட்டது. இனி அவருக்குப் பனை இல்லை. பாவி, உன் வாய்தானடா!

1-11-1956
இணைந்துவிட்டோம். கேட்டது கிடைத்தும் மனசு நிறையவில்லை. தெருவில் கொடியும் வெடியுமாக ஊர்வலம், முச்சந்தியில் மேடை. நான் சந்தா கட்டச் சங்கத்துக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் செல்லக்கனி. தன்னையும் இரண்டு பிள்ளைகளையும் புதிதாகச் சேர்க்க நிற்கிறாள். ஊனப்பட்டவரைச் சேர்க்க விதியில்லையாம்.

அவள் திரும்பாமலே ஒதுங்கி வழிவிட்டாள்.

"நீ முன்னால கட்டிட்டுப் போ அண்ணா. மேடையில உன்னைத் தேடுகாவ."